வரிசை தவறிய நகர்த்தல்



சில ஆண்டுகளுக்கு முன்பு, பள்ளிகளுக்கிடையிலான சதுரங்கப் போட்டி ஒன்றுக்கு எம் மாணவர்களை அழைத்துச் சென்றிருந்தேன். ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, ஆட்டம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே மண்டபத்தைவிட்டு வெளியே வந்து நின்றாள். கண்கள் கலங்கியிருந்தன.

"ஐயா, நீங்கள் சொல்லிக்கொடுத்த நகர்த்தல்களைத்தானே ஆடினேன்?" என்றாள்.

அக்கேள்வி இன்றளவும் என்னை உறுத்துகிறது.

நான் சொல்லிக்கொடுத்தது 'கிங்ஸ் காம்பிட்' எனும் தொடக்க ஆட்டம். இரு தரப்பினரும் ராஜாவின் முன்னிருக்கும் சிப்பாயை இரண்டு கட்டங்கள் நகர்த்திய பிறகு, வெள்ளைக்காய் ஆடுபவர் அதற்கு வலப்பக்கத்துச் சிப்பாயையும் இரண்டு கட்டங்கள் தள்ளி, வெட்டுக்குக் கொடுப்பார். எதிராளி அதை வெட்டினால் பலகையின் நடுப்பகுதி வெள்ளையின் வசமாகும். ஆனால், தம் ராஜாவை நோக்கிய மூலைவிட்டப் பாதையும் திறந்துவிடும். 'காம்பிட்' எனும் சொல்லே, காலை இடறிவிடுதலைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்து பிறந்தது. நம் வழக்கில் சொன்னால், காலை வாருதல். கவனம் பிசகினால் வாரப்படுவது நம் காலே!

மூன்றாவதாகக் குதிரை, நான்காவதாக ராணியின் முன்னிருக்கும் சிப்பாய் என்று சொல்லிக் கொடுத்திருந்தேன். அவளோ சிப்பாயை முதலில் நகர்த்திவிட்டாள். பின்னாலிருக்கும் மந்திரிக்கு வழிவிட்டு, இழந்த சிப்பாய்க்கு ஈடாக எதிராளியின் சிப்பாயை மீட்பது அவள் எண்ணம். எண்ணம் பிழையன்று, வரிசைதான் பிழை.

எதிராளியின் ராணி பலகையின் ஓரத்திற்குப் பாய்ந்து 'செக்' வைத்தது. அப்போது ராஜாவை ஒரு கட்டம் முன்னே நகர்த்தியிருந்தால், கோட்டை கட்டும் உரிமை போயிருக்கும். காய் எதுவும் போயிருக்காது. பதற்றத்தில் அவள் மற்றொரு சிப்பாயைக் கேடயமாக நிறுத்தினாள். எதிராளியின் சிப்பாய் அதையும் வெட்டியது. இப்போதுதான் அவளுக்குக் குதிரை நினைவுக்கு வந்தது. ராணியைத் தாக்கும் வகையில் அதை வெளியே கொண்டுவந்தாள். எதிராளியின் சிப்பாய் ஒரு கட்டம் முன்னேற, அதன் பின்னே மறைந்திருந்த ராணி மீண்டும் 'செக்' ஆனது. மகிழ்ச்சியோடு அந்த ராணியை வெட்டினாள். மறு நகர்த்தலிலேயே அச்சிப்பாய் அவளுடைய மூலைக்கோட்டையை வெட்டிப் புதிய ராணியாக எழுந்தது. ஆறே நகர்த்தல்கள்!

உண்மையில், நான் சொல்லிக்கொடுத்த நான்கு நகர்த்தல்களையும் அவள் ஆடியிருந்தாள். வரிசை ஒன்றுதான் மாறியிருந்தது.

மறுநாள் அவளின் தாயார், "ஐயா, விளையாட்டெல்லாம் போதும். பிள்ளை இனிப் பாடத்தைப் பார்க்கட்டும்" என்றார். உடன் பணிபுரியும் ஆசிரியர் ஒருவரோ, "சிறு பிள்ளைகளுக்கு இவ்வளவு ஆபத்தான ஆட்டம் தேவையா?" என்று கேட்டார். இருவரின் அக்கறையையும் மதிக்கிறேன். ஆயினும், இருவரின் முடிவையும் ஏற்க என்னால் இயலவில்லை. பிழை அவளின் துணிச்சலில் இல்லை. என் கற்பித்தலில் இருந்தது. மூன்றாவதாகக் குதிரை வரவேண்டும் என்று மனனம் செய்ய வைத்தேன். எதிராளியின் ராணி வந்து நிற்கக்கூடிய ஓரக்கட்டத்தை அக்குதிரையே காவல் காக்கிறது என்பதை நான் விளக்கவே இல்லை. காரணம் அறியாத பிள்ளைக்கு வரிசை மாறினால் என்ன என்று எப்படித் தெரியும்?

வகுப்பறையிலும் இதைத்தானே செய்கிறோம்? மாதிரிக் கட்டுரையை மனனம் செய்ய வைக்கிறோம். தலைப்பு சற்றே மாறினால் பிள்ளை திகைத்து நிற்கிறது. பிறகு, "எத்தனை முறை சொல்லிக்கொடுத்தேன்!" என்று பிள்ளையையே கடிந்துகொள்கிறோம்.

சதுரங்க மேதை பாபி ஃபிஷர், 1960ஆம் ஆண்டு அர்ஜென்டினாவின் மார் டெல் பிளாட்டா நகரில் இதே கிங்ஸ் காம்பிட்டை எதிர்த்தாடி ஸ்பாஸ்கியிடம் தோற்றார். அப்போது அவருக்கு 17 வயது. அவர் ஆட்டத்தைத் துறக்கவில்லை. அத்தொடக்கத்தை அலசி ஆராய்ந்து, அதை முறியடிக்கும் வழி இதுவென்று 1961இல் கட்டுரை எழுதினார். 1963இல் தொடங்கிய அமெரிக்க வெற்றியாளர் போட்டியில் அதே தொடக்கத்தைத் தாமே வெள்ளைக்காயில் ஆடி வென்றும் காட்டினார். தோல்வியைக் கூர்ந்து பார்த்தவருக்கு அதுவே பாடமாயிற்று.

அடுத்த வாரம் அம்மாணவியை அழைத்துப் பலகையை விரித்தேன். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் மூன்று கேள்விகள்: எதைக் கொடுத்தாய்? எதைப் பெற்றாய்? எதைத் திறந்துவிட்டாய்? மூன்றாம் நகர்த்தலை எட்டியதும் சற்று நேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ஐயா, கதவைத் திறந்துவிட்டேன், காவலுக்கு ஆளை நிறுத்தவில்லை" என்றாள். நான் பல வாரங்கள் சொல்லத் தவறியதை அவள் ஒரே வரியில் சொல்லிவிட்டாள். தாயாரும் அவளைத் தொடர்ந்து ஆட விட்டார்.

ஆழமறியாமல் காலை விடாதே என்பர் பெரியோர். ஆற்றில் இறங்கவே இறங்காதே என்று அதற்குப் பொருளன்று. ஆழத்தை அறிந்து இறங்கு என்பதே பொருள். ஆசிரியர்களே, பெற்றோர்களே! நம் பிள்ளைகளின் துணிவைத் தடுக்க வேண்டா. அவர்கள் தோற்றுத் திரும்பும் நாளில், "ஏன் தோற்றாய்?" என்று அதட்டாமல், "எந்த இடத்தில் தவறியது? வா, பார்ப்போம்" என்று அருகில் அமர்வோம். அந்தத் தவற்றில் நம் பங்கும் இருக்கக்கூடும்.

அன்புடன்,
ஓர் ஆசிரியன்