டுப்ரோவ்னிக்கோடு நின்றுவிடும் பாட்டி

பெறுநர்: ஐரோப்பிய ஒன்றியத்தின் விரிவாக்கத் துறை ஆணையர் அவர்கள், பிரசெல்ஸ்.



போஸ்னியா-ஹெர்ஸகோவினா, மாண்டினீக்ரோ, அல்பேனியா, கொசோவோ, வட மாசிடோனியா ஆகிய ஐந்து நாடுகளின் நிலப்பரப்பையும் கூட்டினால் ஏறத்தாழ 1,30,000 சதுர கிலோமீட்டர் வருகிறது. அது தமிழ்நாட்டின் பரப்பளவுக்குக் கிட்டத்தட்டச் சரிசமம். சென்னையிலிருந்து நாகர்கோவில் வரை காரில் செல்லும் ஒரு குடும்பம் சுங்கச்சாவடிக் கட்டணத்துக்கன்றி வேறெதற்கும் வண்டியை நிறுத்த வேண்டியதில்லை. அதே அளவுள்ள இந்த பால்கன் நிலத்தில், குரோவேஷியாவின் டுப்ரோவ்னிக்கில் தொடங்கிக் கோட்டோர், ஷ்கோடர், பிரிஸ்ரென், ஸ்கோப்யே, ஓஹ்ரித், திரானா, மோஸ்தார் என ஒரு சுற்றுச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே திரும்பும் குடும்பம் எட்டு முறை எல்லை கடக்க வேண்டும். பெரும்பாலான எல்லைகளில் வெளியேற ஒரு சாளரம், நுழைய மற்றொரு சாளரம் என இரு முறை ஆவணங்களை நீட்ட வேண்டும்.

சுற்றுலாவுக்குச் செல்வோரின் சிரமம் ஆணையர் அவர்களின் மேசைக்கு வரத்தக்க பொருளா என்ற கேள்வி எழுவது இயல்பு. ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர விரும்பும் நாடு ஒன்றியத்தின் சட்டத் தொகுப்பை எந்த அளவுக்குத் தனதாக்கிக்கொண்டது என்பது 'அத்தியாயங்கள்' எனப்படும் பிரிவுகளாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டும் மூடப்பட்டும் கணக்கிடப்படுகிறது. 2012இல் பேச்சுவார்த்தையைத் தொடங்கிய மாண்டினீக்ரோ 33 அத்தியாயங்களையும் திறந்துவிட்டது. 2003 ஜூனில் தெசலோனிக்கி உச்சிமாநாட்டில் பால்கன் நாடுகளின் எதிர்காலம் ஒன்றியத்துக்குள்தான் என்று உறுதி கூறப்பட்டதற்குப் பின் ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது. இத்தனை காலத்தில் எது உண்மையில் மாறியது, எது தாளில் மட்டும் மாறியது என்பதை அறிய, அத்தியாயக் கணக்கைவிட நம்பத்தக்க அளவுகோல் ஒன்று உண்டு. இரண்டு குழந்தைகளும் ஒரு பாட்டியும் பின்னிருக்கையில் அமர்ந்திருக்கும் கார், அந்த எட்டு எல்லைகளையும் கடக்க முன்கூட்டி எத்தனை தாள்களைச் சேர்க்க வேண்டியிருக்கிறது என்பதே அது. சரக்கு லாரிகளுக்காக 2020இல் 'பசுமைத் தடங்கள்' என்ற பெயரில் விரைவு வழிகள் வகுக்கப்பட்டன. குடும்பக் காருக்கென்று அப்படி எதையும் எவரும் வகுக்கவில்லை என்பதே இம்மடலின் முறையீடு.

பயணத்திட்டத்தில் எளிதாகத் தீரும் பகுதிகளும் உண்டு. பணம் அவற்றுள் ஒன்று: மாண்டினீக்ரோவும் கொசோவோவும் ஒன்றியத்தில் சேராமலே யூரோவைத் தம் நாணயமாக வைத்திருக்கின்றன, அல்பேனியாவில் லெக், வட மாசிடோனியாவில் தெனார், போஸ்னியாவில் 'மாற்றத்தக்க மார்க்'. இவற்றுள் கடைசியானது ஜெர்மனியின் பழைய மார்க்குக்கு ஒன்றுக்கு ஒன்று என இணைக்கப்பட்டுப் பிறந்தது. தாய் நாணயம் மறைந்து இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும் ஒரு யூரோவுக்கு 1.95583 என்ற அதே பழைய விகிதத்தில் அது நின்றுகொண்டிருப்பதைப் பார்க்கையில், பொருளியலுக்கும் ஆவியுலகம் உண்டு போலும் என்றே எண்ணத் தோன்றுகிறது. மேற்கு பால்கனின் ஆறு நாடுகளுக்குள், அதாவது இந்த ஐந்துடன் செர்பியாவையும் சேர்த்து, கைபேசி ரோமிங் கட்டணம் 2021 ஜூலை 1 முதல் நீக்கப்பட்டது. அந்நாடுகள் தமக்குள் பேசி முடிக்கக்கூடியவற்றை முடித்துக்கொண்டிருக்கின்றன என்பதற்கு அது சான்று.

காப்பீட்டில் அந்த எளிமை இல்லை. ஒரு நாட்டில் பதிவான வண்டி மற்றொரு நாட்டில் விபத்து ஏற்படுத்தினால் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கிடைப்பதை உறுதிசெய்ய, 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உருவான பன்னாட்டு ஏற்பாடு 'பச்சை அட்டை' எனப்படுகிறது. (2020 முதல் அதனை வெள்ளைத் தாளிலேயே அச்சிட்டுக்கொள்ளலாம் என்றாகிவிட்டதால் இப்போது அது பெயரளவில் மட்டுமே பச்சை.) அந்த அட்டையில் நாடுகளின் குறியீடுகள் கட்டங்களில் வரிசையாக இருக்கும், அடிக்கப்பட்டிருக்கும் கட்டத்துக்குரிய நாட்டில் காப்பீடு செல்லாது. கொசோவோவுக்கு அதில் கட்டமே இல்லை. 2008 பிப்ரவரி 17 அன்று விடுதலையை அறிவித்த அந்நாட்டைச் செர்பியா ஏற்கவில்லை. ஒன்றியத்தின் உறுப்பு நாடுகளிலும் ஸ்பெயின், கிரீஸ், ருமேனியா, ஸ்லோவாக்கியா, சைப்ரஸ் ஆகிய ஐந்து ஏற்கவில்லை. அங்கீகாரம் முடிவாகாத நாடு பன்னாட்டு ஏற்பாடுகளின் வாசலில் நிற்க, வெளிநாட்டுப் பதிவெண் கொண்ட வண்டியோட்டி பெரும்பாலும் எல்லைச் சாவடியருகே தனியாகக் காப்பீடு வாங்கிக்கொண்டுதான் உள்ளே செல்ல வேண்டியிருக்கிறது. வாடகைக் கார் என்றால் சிக்கல் இன்னும் ஒரு படி மேலேறுகிறது: எந்தெந்த நாட்டுக்குள் வண்டி செல்லலாம் என்பதற்கு வாடகை நிறுவனம் எழுத்துவழி அனுமதி தர வேண்டும், அனுமதிப் பட்டியலில் கொசோவோ இல்லாவிட்டால் ஷ்கோடரிலிருந்து பிரிஸ்ரெனுக்குச் செல்லும் சிறந்த நெடுஞ்சாலை கண்ணெதிரே இருந்தும் பயன்படாமல் போய்விடும்.

செர்பியாவையும் சேர்த்துக்கொள்ளும் பயணத்தின் வரிசைமுறையும் அதே பூசலுக்குக் கட்டுப்பட்டது. அல்பேனியா வழியாகக் கொசோவோவுக்குள் நுழைந்து அங்கிருந்து செர்பியாவுக்குள் செல்ல முயலும் அயல்நாட்டவரை, தன் எல்லையில் முறைப்படி நுழையாதவர் என்று செர்பியா கருதக்கூடும். செர்பியாவில் நுழைந்து கொசோவோவுக்குச் சென்று மீண்டும் செர்பியாவுக்கே திரும்புவோருக்கு அந்த இடர் இல்லை. வரைபடத்தில் எந்தத் திசையில் சுற்றினாலும் தொலைவு ஒன்றே என்று எண்ணி வழியை வகுக்கும் குடும்பத்தலைவர், வலஞ்சுழி இடஞ்சுழியில் அரசியல் இருப்பதை இங்குதான் கற்றுக்கொள்கிறார்.

இவையனைத்தையும்விடக் கடினமான முடிச்சு காருக்குள்ளேயே இருக்கிறது. ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் பிரான்சிலும் வாழும் ஈழத்தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஒரே வீட்டில் மூன்று வகை ஆவணங்கள் இருப்பது அரிதன்று: அங்கேயே பிறந்த பிள்ளைகளிடம் அந்நாட்டுக் கடவுச்சீட்டு, தாயிடம் இலங்கைக் கடவுச்சீட்டும் தங்குரிமை அட்டையும், தந்தையிடம் 1951 ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின்படி வழங்கப்படும் அகதிப் பயண ஆவணம். பிள்ளைகளை வரவேற்கும் சாவடி தாயிடம் அட்டையைக் கேட்கும். தந்தையின் ஆவணத்தையோ ஒரு நாடு விசா இன்றி ஏற்கும், அடுத்த நாடு விசா கேட்கும். ஆகவே அக்குடும்பத்தின் பயணத்திட்டம் ஐந்து நாடுகளின் தூதரக விதிகளை மூன்று முறை படிப்பதில் தொடங்குகிறது. பெற்றோருள் ஒருவர் மட்டும் பிள்ளைகளோடு செல்வதாக முடிவானால், வராதவரின் ஒப்புதல் கடிதம், அதுவும் சான்றுறுதி அலுவலரின் முத்திரையுடன், கையில் இருப்பது நல்லது என்பது அதன்மேல் ஏறும் சுமை.

இப்போது அக்காரில் தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ முதன்முறையாகப் பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்திருக்கும் பாட்டி ஒருவரை ஏற்றிப் பார்க்கலாம். அவரிடம் இருப்பது ஒருமுறை நுழைவுக்கான ஷெங்கன் விசா. ஷெங்கன் என்பது தமக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்டு வெளி எல்லையைப் பொதுவாகக் காக்கும் நாடுகளின் வட்டம். ஒருமுறை நுழைவு என்றால் அவ்வட்டத்தை விட்டு ஓர் அடி வெளியே வைத்ததும் அந்த விசா தீர்ந்துவிடும். 2023 ஜனவரி 1 அன்று குரோவேஷியா அவ்வட்டத்தில் சேர்ந்தது. ஆனால் அந்நாட்டின் தென்கோடியிலுள்ள டுப்ரோவ்னிக்கை மற்றப் பகுதியிலிருந்து போஸ்னியாவின் நெயும் என்ற சிறு கடற்கரைத் துண்டு பிரிக்கிறது. வெனிஸின் ஆட்சிப்பகுதி தன்னை நேரடியாகத் தொடாதிருக்க வேண்டும் என்று விரும்பிய பழைய ராகுசா குடியரசு, 1699 ஆம் ஆண்டுக் கார்லோவிட்ஸ் உடன்படிக்கையை ஒட்டி ஒட்டோமானியரிடம் விட்டுக்கொடுத்த நிலம் அது. மூன்று நூற்றாண்டுக்கு முந்தைய அந்தத் தற்காப்புக் கணக்கின் வாரிசாக, அண்மைக்காலம் வரை டுப்ரோவ்னிக்குக்குச் சாலைவழி செல்வோர் போஸ்னியாவுக்குள் புகுந்து மீண்டும் குரோவேஷியாவுக்குள் நுழைய வேண்டியிருந்தது. 2022 ஜூலை 26 அன்று திறக்கப்பட்ட பெல்யெஷாட்ஸ் பாலம் அந்தத் துண்டைக் கடல்மேல் சுற்றிச் செல்கிறது. 2,404 மீட்டர் நீளமுள்ள அப்பாலத்துக்கும் அதன் இணைப்புப் பணிகளுக்கும் ஒன்றியம் 35.7 கோடி யூரோ வழங்கியது. கட்டியது சீன நிறுவனம்.

அப்பாலத்தின் தயவால் பாட்டி டுப்ரோவ்னிக் கோட்டைமதிலைப் பார்த்துவிடலாம். அங்கிருந்து கோட்டோர் இரண்டு மணி நேரத் தொலைவுகூட இல்லை. ஆயினும் அங்கே அவர் செல்ல இயலாது. பல நுழைவு ஷெங்கன் விசா உள்ளோரை இந்த பால்கன் நாடுகள் குறுகிய காலத்துக்குத் தனி விசா இன்றி ஏற்கின்றன என்றாலும், எத்தனை நாள், என்ன நிபந்தனை என்பது நாட்டுக்கு நாடு மாறுகிறது. ஒருமுறை நுழைவு விசாவோடு சென்று எப்படியோ உள்ளே புகுந்தாலும் பேரப்பிள்ளைகளின் வீட்டுக்குத் திரும்பும் வாசல் மூடியிருக்கும். ஒன்றியம் தன் பணத்தால் கட்டிய பாலம் ஒரு முதியவரை ஒன்றியத்தின் விளிம்பு வரை கொண்டுவந்து விடுகிறது. அவ்விளிம்புக்கு அப்பாலுள்ள நிலமும் நாளை உமதே என்று உறுதிகூறும் அதே ஒன்றியத்தின் விதி அவரை அங்கே நிறுத்தியும் விடுகிறது.

விசா உள்துறை ஆணையரின் பொறுப்பு என்று பதில் வரக்கூடும். அது முறையான பதிலே. ஆனால் 2024 ஏப்ரலில் இந்தியக் குடிமக்களுக்கென ஆணையம் வகுத்த தனி விதி, முந்தைய மூன்றாண்டுகளில் இரண்டு ஷெங்கன் விசாக்களை ஒழுங்காகப் பயன்படுத்தியவருக்கு இரண்டாண்டுப் பல நுழைவு விசா வழங்கலாம் என்கிறது. அவ்விதி எழுதப்பட்டபோது வணிகப் பயணியின் உருவம்தான் மனத்தில் இருந்திருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரே முறை வந்துபோகும் பாட்டிக்கு 'முந்தைய இரண்டு விசா' என்பது ஒருபோதும் வாய்க்காத தகுதி. வேட்பாளர் நாடுகளுக்குச் சென்று திரும்புவதற்கு மட்டுமாவது ஒரு மறுநுழைவை உடன் வழங்குவது விரிவாக்கக் கொள்கையின் பகுதியே என்று உள்துறையிடம் எடுத்துச்சொல்ல, விரிவாக்க ஆணையரைவிடப் பொருத்தமானவர் வேறு யாரும் இல்லை.

குடும்பங்கள் பெரிதும் அஞ்சும் காத்திருப்பு எந்த எல்லையில் என்பதையும் இங்கே சுட்டியாக வேண்டும். கோடைக்காலத்தில், குரோவேஷியாவையும் மாண்டினீக்ரோவையும் இணைக்கும் காரசோவிச்சி–தெபெலி ப்ரியெக் சாவடியில் கார்கள் மணிக்கணக்கில் நிற்பதுண்டு; அது ஒன்றியத்தின் சொந்த வாசல். 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த நுழைவு-வெளியேற்றப் பதிவுமுறை, குறுகிய காலம் தங்கவரும் ஒன்றியத்துக்கு வெளியிலுள்ள குடிமக்களின் முகப்படத்தையும் விரல்ரேகையையும் பதிந்து, 180 நாட்களில் 90 நாட்களுக்கு மேல் தங்கினாரா என்று கணிப்பது. 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு விரல்ரேகை வேண்டியதில்லை, முகப்படம் வேண்டும். விமான நிலையத்தில் ஒருவர்பின் ஒருவராகக் கருவியின்முன் நிற்கலாம். காரில் இருப்பவர்களோ, உறங்கும் குழந்தை உட்பட, முதற்பதிவுக்கு முகத்தைக் காட்டியாக வேண்டும். இவ்வாறு நிற்பவர்கள் சுற்றுலாப் பயணிகள் மட்டும் அல்லர். ஒவ்வோர் ஆகஸ்டிலும் சுவிட்சர்லாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் சொந்த ஊருக்குக் காரோட்டிவரும் கொசோவோக் குடும்பங்களும், அவர்களைப் பார்க்க எதிர்த்திசையில் செல்லும் பெற்றோரும் இத்தகைய வரிசைகளில்தான் நிற்கின்றனர். கொசோவோக் குடிமக்களுக்கு ஷெங்கன் விசா விலக்கு கிடைத்ததே 2024 ஜனவரி 1 அன்றுதான். மேற்கு பால்கனின் மற்ற ஐந்து நாடுகளுக்கு அது 2009, 2010 ஆண்டுகளிலேயே கிடைத்துவிட்டது.

எல்லைச் சோதனையே வேண்டாம் என்று இம்மடல் கேட்கவில்லை. 1990களின் போர்க்காலத்தில் நாட்டெல்லைகளாக மாறியவை இவற்றுள் சில. மோஸ்தாரின் பழைய பாலம் 1993 நவம்பரில் பீரங்கியால் தகர்க்கப்பட்டு 2004இல்தான் மீண்டும் எழுந்தது. அப்படிப்பட்ட நிலத்தில் காவலுக்குக் காரணம் உண்டு. காவலைக் குறைக்காமல் காத்திருப்பைக் குறைக்கும் வழியும் அங்கேயே உண்டு: மாண்டினீக்ரோவுக்கும் அல்பேனியாவுக்கும் இடையிலான சுகோபின்–முரிச்சான் சாவடியில் இரு நாட்டு அலுவலர்களும் ஒரே இடத்தில் அமர்கின்றனர். கார் ஒரே முறை நின்றால் போதும். 'இணைச் சாவடி' எனப்படும் இம்முறைக்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவைப்படவில்லை. அண்டை நாட்டுக் காவலருக்கு ஒரு நாற்காலி ஒதுக்கும் மனமே தேவைப்பட்டது. 2023 நவம்பரில் மேற்கு பால்கனுக்கென ஒன்றியம் அறிவித்த 600 கோடி யூரோ வளர்ச்சித் திட்டம் சீர்திருத்தங்களை நிபந்தனையாகக் கொண்டது. அந்நிபந்தனைகளுள் இணைச் சாவடிகளும், அங்கீகாரப் பூசல் தீரும்வரை காத்திராமல் கொசோவோவைப் பொதுக் காப்பீட்டு ஏற்பாட்டுக்குள் கொண்டுவரும் இடைக்கால வழியும் இடம்பெறலாம். ஓஹ்ரித் ஏரியின் வட மாசிடோனியப் பகுதி 1979இல் உலக மரபுச் சின்னமானது. அல்பேனியப் பகுதி அதே சின்னத்தோடு சேர்க்கப்பட 2019 வரை நாற்பது ஆண்டுகள் ஆயின. ஒரே ஏரியின் இரு கரைகளுக்கே அவ்வளவு காலம் பிடித்தது என்றால், எட்டு எல்லைகளின் கணக்கைத் தொடங்குவதில் தாமதம் கூடாது.

ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் தங்கள் துறை வெளியிடும் விரிவாக்க அறிக்கையில் ஒவ்வொரு நாட்டின் நீதித்துறையும் ஊழல் ஒழிப்பும் போக்குவரத்தும் பத்தி பத்தியாக எடைபோடப்படுகின்றன. அடுத்த அறிக்கையில், ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் காரசோவிச்சியிலும், கொசோவோவுக்குள் நுழையும் சாவடியிலும், ஓஹ்ரித் ஏரிக்கரையின் ஸ்வேதி நௌம் சாவடியிலும் ஒரு குடும்பக் கார் எத்தனை நிமிடம் நின்றது, எத்தனை தாள் கேட்கப்பட்டது என்ற அட்டவணை ஒன்றும் இடம்பெறுமாறு, குரோவேஷியாவின் பெயருக்கும் அதில் ஒரு வரி ஒதுக்குமாறு, ஆணையர் அவர்களை இம்மடல் கேட்டுக்கொள்கிறது.

இங்ஙனம்,
எல்லைச் சாவடியில் காத்திருக்கும் குடும்பங்களின் சார்பில்