கானா மட்டும் கூடாதா?

கானா என்றாலே சாவு வீட்டுப் பாட்டு என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் 'கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு கிடார், டிரம்ஸோடு கானா பாடியது. அந்தப் பதிவை அக்கா போனில் பார்த்தேன். விசிலும் கூச்சலும் சேர்ந்தே கேட்குது. ஸ்டூடியோ பாட்டில் அது ஏது? 1971-ல் நியூயார்க்கில் வங்கதேச அகதிகளுக்காக நடந்த ராக் கச்சேரியில், ரவிசங்கர் குழு சுருதி சேர்த்ததற்கே கூட்டம் கைதட்டிவிட்டதாம்! இசைத்தட்டில் அதைக்கூட வெட்டவில்லை.

பொம்பளப் பிள்ளைக்குக் கானா எதுக்கு என்கிறார்கள். அந்தக் குழுவில் பாடிய இசைவாணி வடசென்னைப் பெண்தான். 2020-ல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் வந்தவர்.

ஆண்டு விழாவில் சினிமா குத்துப் பாட்டுக்கு ஆடலாம், கானா மட்டும் கூடாதா? நாங்களே எழுதி, டீச்சரிடம் காட்டிவிட்டுத்தான் பாடுவோம். பெஞ்சில் தாளம் போட ஆள் ரெடி.

- 9-ஆம் வகுப்பு மாணவி