அரைகுறை வைத்தியரிடம் சிக்கிய 303

வீட்டுக்கு ஒருவர் இருப்பார். மிக்ஸி நின்றுபோனாலும், ஃபேன் கிறீச்சிட்டாலும், ‘மெக்கானிக் எதுக்கு? நானே பார்த்துக்கறேன்’ என்று ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்துவிடுவார். கடைசியில் நாலு ஸ்க்ரூ மிச்சம் இருக்கும். மிக்ஸி என்றால் பரவாயில்லை, புதுசு வாங்கிக்கொள்ளலாம். நூறு வயது ரைஃபிளில் அந்தக் கை விளையாடியிருந்தால்?

பிரிட்டன், கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் பழைய ராணுவ ரைஃபிள்களை முறைப்படி வாங்கிச் சேகரிப்பவர்களுக்கு இது பெரிய தலைவலி. அவர்களிடம் அதிகம் அடிபட்டு வந்து சேர்வது ‘லீ-என்ஃபீல்டு’. பெயர் புதிதாக இருக்கலாம், ஆளை நமக்கு நன்றாகத் தெரியும். பாரா நிற்கும் போலீஸ்காரர் தோளில் பல காலம் தொங்கிய ‘த்ரீ நாட் த்ரீ’தான் அது! ஸ்காட்லாந்தில் பிறந்த ஜேம்ஸ் பாரிஸ் லீ வடிவமைத்த போல்ட் அமைப்பு பாதி, லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டில் இருந்த அரசு ஆயுத ஆலை மீதி. அப்படி வந்ததுதான் இந்த இரட்டைப் பெயர். 1895-ல் பிரிட்டிஷ் ராணுவத்தில் சேர்ந்தது. 1907-ல் வந்த மார்க் 3 ரகம் முதல் உலகப் போரின் பதுங்கு குழிகளைப் பார்த்தது. மேற்கு வங்கத்தின் இச்சாப்பூர் ஆலையிலும் இது தயாரானது. 1962-ல் சீனப் படையை எதிர்த்து நின்ற நம் ஜவான்கள் பலரின் கையில் இருந்ததும் இதே 303தான்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் இவை மலை மலையாக மிஞ்சின. அமெரிக்காவில் பத்து, இருபது டாலருக்குத் தபாலிலேயே வந்து இறங்கின. 1968-ல் சட்டம் வந்துதான் அந்தத் தபால் வியாபாரம் நின்றது. மான் வேட்டைக்குப் போகிறவர்களுக்கு ராணுவ ரைஃபிள் அநியாய கனம். ரம்பத்தை எடுத்து முன்பக்கத்து மரக்கட்டையைப் பாதியில் அறுத்தார்கள். குழலின் மேலிருந்த மரக் கவசத்தைக் கழற்றிக் குப்பையில் போட்டார்கள். தொலைநோக்கி மாட்ட ஓட்டை போட்டார்கள். அன்றைக்கு அது பத்து டாலர் சாமான், யாருக்கும் வலிக்கவில்லை. இன்று முழு உருவத்தில் ஒன்று கிடைப்பது அபூர்வமாகிவிட்டது.

(நம் ஊரில் இந்த ஆசையே வேண்டாம். ராணுவத் தோட்டா என்பதால் 303 பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட ரகம். அதனால்தான் இதே அமைப்பில் 315 என்ற வேறு அளவில் ஒரு ரைஃபிளை நம் அரசு ஆலைகள் செய்து விற்றன.)

அறுத்தவர்களையாவது மன்னிக்கலாம், அவர்களுக்கு ஒரு தேவை இருந்தது. ‘ரிப்பேர்’ செய்கிறேன் என்று இறங்கியவர்கள்தான் நிஜ வில்லன்கள். மார்க் 3 ரைஃபிளின் பின்கட்டைக்குள் நீளமாக ஒரு போல்ட் ஓடுகிறது. அதன் சதுரமான நுனி, முன்கட்டையின் பின்முனையில் இருக்கும் ஓர் உலோகத் தகட்டில் போய்ப் பொருந்தி நிற்கும். போல்ட் தானாகத் தளர்ந்துவிடாமல் இருக்க அந்தக் காலத்தில் கண்டுபிடித்த உபாயம். ஆகவே முதலில் முன்கட்டையைக் கழற்ற வேண்டும், பிறகுதான் பின்கட்டை. இது தெரியாத ஆள், பின்னாலிருந்து நீள ஸ்க்ரூடிரைவரை விட்டு ஒரு திருகு திருகுவார். சதுர நுனி உள்ளே சுழலும். ‘படக்’கென்று முன்கட்டை பிளக்கும்.

அடுத்தது வைத்தியம். பிளவில் எபாக்ஸி பசையை ஊற்றுவார். போதாது என்று ஆணி அடிப்பார். அதையும் மறைக்க மேலே பளபள வார்னிஷ். பார்க்கப் புதுசு மாதிரி இருக்கும். ஆனால், சுடும்போது வரும் உதையை வாங்கிக்கொள்ள வேண்டியது முன்கட்டைக்குள் இருக்கும் இரண்டு சிறிய மரப் பரப்புகள்தான். உலோகம் அங்கே ஒட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். மயிரிழை இடைவெளி விழுந்தாலும் ஒவ்வொரு குண்டுக்கும் மரம் அடி வாங்கும், குறியும் தவறும். ஆஸ்திரேலியாவின் லித்கோ ஆலை, உள்ளூர் மரம் மென்மையானது என்பதால் அந்த இடத்தில் செப்புத் தகடே வைத்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்காகக் கண்ணில் படும் ஸ்க்ரூவையெல்லாம் பிடுங்கினால் அதுவும் வம்பு. இச்சாப்பூர் ரைஃபிள்கள் பலவற்றில் முன்கட்டையின் குறுக்கே ஒரு ஸ்க்ரூ இருக்கும். மரம் பிளக்காமலிருக்க ஆலையே போட்டது அது. சிலவற்றில் குழலைச் சுற்றிக் கம்பி இறுக்கியிருக்கும். கையெறி குண்டை ஏவுவதற்காக ராணுவப் பட்டறையில் செய்த வேலை. அரைகுறை ஆள் கட்டியதென்று நினைத்து அவிழ்த்தால், நிஜமான வரலாற்றைத்தான் அவிழ்க்கிறார்கள். நல்ல கைவினைஞர் முதல் நாள் கருவியையே தொடுவதில்லை, பார்ப்பதோடு சரி.

பார்க்க வேண்டியது நிறைய. மரத்தில் ஆலை முத்திரை, பரிசோதகரின் குறி, படைப்பிரிவின் எழுத்து என்று குத்தியிருக்கும். பழைய சொந்தக்காரர் உப்புத்தாளால் தேய்த்திருந்தால் எல்லாமே போயிருக்கும். அழகு போனதை விடுங்கள், ‘டி.பி.’ என்ற இரண்டெழுத்தும் அதோடு போயிருக்கலாம். டி.பி. என்றால் அணிவகுப்புப் பயிற்சிக்கு மட்டும், சுடக் கூடாது என்று பொருள். தேய்ந்துபோன ரைஃபிள்களுக்கு ராணுவம் குத்திய எச்சரிக்கை அது. மரத்தில் அழிந்திருந்தாலும் உலோகத்தில் எங்காவது இருக்கும். வைத்தியம் தொடங்குவதற்கு முன் அதைத் தேடாதவர் கையில் ரைஃபிளைக் கொடுக்கவே கூடாது.

மரவேலை பொறுமையின் சோதனை. வார்னிஷை ரசாயனத்தால் இளக்கி எடுப்பார்கள். உப்புத்தாள் கூடாது. பள்ளங்களை நிமிர்த்த இஸ்திரிப் பெட்டி போதும்! ஈரத்துணியை விரித்துச் சூடான பெட்டியை வைத்தால், நீராவி இறங்கி நசுங்கிய மரநார் உப்பி எழும்பும். பழைய பசையைச் சுரண்டி, பிளவின் இரு பக்கமும் சுத்தமான மரம் தெரிந்த பிறகே புதுப் பசை. அறுபட்ட முன்கட்டைக்கு, வேறொரு உடைந்த ரைஃபிளிலிருந்து அதே வால்நட் மரத்துண்டைத் தேடிப்பிடித்து இணைப்பார்கள். குழலோடு மரத்தைக் கட்டும் நடு வளையத்துக்கு அடியில் ஒட்டு வந்துவிட்டால் வெளியே தெரியாது. கடைசியில் ஆளிவிதை எண்ணெயைக் கையாலேயே தேய்த்து, ஊறவிட்டு, மறுபடி தேய்த்து… வாரக்கணக்கில் நடக்கும். அந்த எண்ணெய்த் துணியைக் கசக்கி மூலையில் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுகிறார்கள், அல்லது தண்ணீரில் அமிழ்த்துகிறார்கள். வீட்டில் மேஜை நாற்காலிக்கு ஆளி எண்ணெய் பூசுகிறவர்களும் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

துரு விஷயத்தில் பழைய சிப்பாய்கள் கெட்டிக்காரர்கள். அந்தக் காலத் தோட்டா குழலுக்குள் உப்பை விட்டுச் செல்லும். எண்ணெயில் உப்பு கரையாது. அதனால் முதலில் கொதிக்கும் தண்ணீரை உள்ளே ஊற்றிக் கழுவி, பிறகே எண்ணெய் போட்டார்கள். பின்னால் வாங்கியவர் வெறும் எண்ணெய் போட்டுப் பரணில் வைத்திருப்பார். உள்ளே அம்மைத் தழும்பு மாதிரி குழிகள். அதற்கு மருந்து கிடையாது, குழலையே மாற்ற வேண்டியதுதான்.

அறுபட்டதெல்லாம் திரும்ப முழுசாக வேண்டும் என்பதும் இல்லை. பர்மிங்காமின் பார்க்கர்-ஹேல் நிறுவனம் நேர்த்தியாகச் சுருக்கி விற்ற வேட்டை ரைஃபிள்களை அப்படியே விட்டுவிடுவதுதான் மரியாதை.

அடுத்து, உயிரோடு சம்பந்தப்பட்ட பரிசோதனை. போல்ட் முகத்துக்கும் குழலின் பின்வாய்க்கும் நடுவில் தோட்டாவின் விளிம்பு உட்காரும் இடம் 0.064 அங்குலத்திலிருந்து 0.074 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். வித்தியாசம் கால் மில்லிமீட்டர்தான். ஒவ்வொரு போல்ட்டையும் அந்தந்த ரைஃபிளுக்கென்றே பொருத்தி எண் குத்தியிருப்பார்கள். பழைய ஆள் எங்கிருந்தோ ஒரு போல்ட்டை வாங்கிச் சொருகியிருந்தால் எண் பொருந்தாது. இடைவெளி கூடியிருந்தால் பித்தளைக் கூடு கிழிந்து, கொதிக்கும் வாயு சுடுபவரின் முகத்தை நோக்கி வரலாம்.

பிரிட்டனில் குழல், போல்ட் போன்ற அழுத்தம் தாங்கும் பாகங்களில் கைவைத்திருந்தால், விற்பதற்கு முன் ‘ப்ரூஃப் ஹவுஸ்’ போயே ஆக வேண்டும். லண்டனில் இந்த வேலையைச் செய்யும் துப்பாக்கித் தொழிலாளர் சங்கத்துக்கு 1637-லேயே அரச சாசனம் கிடைத்தது. பர்மிங்காம் நிலையம் 1813-ல் வந்தது. அங்கே வழக்கத்தைவிட அதிக அழுத்தம் தரும் தோட்டாவைப் போட்டு, ஆள் தள்ளி நின்று வெடிக்கிறார்கள். தாங்கினால் முத்திரை குத்தித் தருவார்கள். தாங்காவிட்டால் எண்ணெய் தேய்த்த வாரங்கள், தேடிப்பிடித்த வால்நட் துண்டு, செலவு எல்லாம் அந்த ஒரு வெடியோடு சரி.