கடைப் போனுக்கு வேறு மென்பொருள்: போடலாம், ஆனால் எந்தப் போனில்?

மதுரங்குளியில் கொழும்பு - புத்தளம் வீதியோரமாக ரீலோட் கடைகளுக்கும் போன் திருத்தும் கடைகளுக்கும் இன்று குறைவில்லை. கடையாமோட்டை, விருதோடை, கணமூலை, புளுதிவயல் என்று சுற்றியுள்ள ஊர்களிலிருந்து வருவோர் அங்கே அடிக்கடி சொல்லும் வசனம் ஒன்றுண்டு. "போன் சரியான ஸ்லோ. சொப்ட்வெயார் போட்டுத் தாங்க." போனைக் கொடுத்துவிட்டுச் சந்தைக்குப் போய், திரும்பி வரும்போது காசைக் கொடுத்து வாங்கிக்கொள்கிறோம். உள்ளே என்ன போட்டார்கள் என்று கேட்பவர் மிகச் சிலரே.

இந்த ஒரு வசனத்துக்குள் இரண்டு வேறு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. போன் செய்த கம்பனியின் மென்பொருளையே மீண்டும் சுத்தமாகப் போடுவது ஒன்று. கம்பனியின் மென்பொருளை எடுத்துவிட்டு, வெளியார் ஆக்கிய அன்ட்ரொய்ட் பதிப்பு ஒன்றை அல்லது அதன் அடித்தளமான கேர்னலை மட்டும் மாற்றிப் போடுவது மற்றையது. முதலாவது வீட்டுக்கு வெள்ளையடிப்பது போன்றது. இரண்டாவது கதவையும் பூட்டையும் கழற்றி மாற்றுவது. வியாபாரிகளாகிய நாம் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டே ஆகவேண்டும் என்பதனால்தான் இவ்வாரம் வழமையான விலைவாசி விடயத்தை விட்டு இதை எழுத நினைத்தேன்.

இரண்டாவது வேலையை நான் கெட்டது என்று சொல்ல வரவில்லை. 2022 ஆம் ஆண்டில் டொலர் ஒன்று சுமார் 200 ரூபாவிலிருந்து சில வாரங்களுக்குள் 360 ரூபாவைத் தொட்டபோது, புதுப் போன் என்பது பலருக்குக் கனவாகிப் போனது. இருந்த போனைத்தான் இழுத்துப் பிடித்தோம். ஆனால் பல மலிவு விலைப் போன்களுக்கு கம்பனிகள் சில வருடங்கள்தான் பாதுகாப்புத் திருத்தங்களை அனுப்புகின்றன. அதற்குப் பிறகு திரையும் ஸ்பீக்கரும் நன்றாக இருந்தாலும் உள்ளே ஓட்டை அடைபடாத பாத்திரம்தான். அப்படிக் கைவிடப்பட்ட போனுக்கு புதிய அன்ட்ரொய்ட் பதிப்பைக் கொடுத்து மேலும் சில வருடங்கள் ஓடவைக்க இந்த வெளியார் மென்பொருள்களால் முடியும்.

இது சாத்தியமானதற்குக் காரணம் உண்டு. அன்ட்ரொய்டின் கேர்னல், 1991 இல் லினஸ் டோர்வால்ட்ஸ் ஆரம்பித்த லினக்ஸ். அதன் உரிம நிபந்தனைப்படி, அதை வைத்துப் போன் விற்கும் கம்பனி தான் செய்த மாற்றங்களின் மூலநிரலையும் வெளியிட வேண்டும். அந்தத் திறந்த நிரலை எடுத்துத் திருத்தி, சயனோஜன்மொட் என்ற பெயரில் 2009 அளவில் ஸ்டீவ் கொண்டிக் என்பவர் ஆரம்பித்த முயற்சி உலகெங்கும் பரவியது. ஆரம்பகால அன்ட்ரொய்ட் போன்களில் தமிழ் எழுத்துகள் வெறும் கட்டம் கட்டமாகத் தெரிந்தது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். எழுத்துருவை உள்ளே திணித்தாலும் கொம்பும் காலும் இடம் மாறி நின்றன. 2011, 2012 இல் வந்த நான்காம் பதிப்போடுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது. அதுவரை தமிழ் வாசிக்கவென்றே போனின் உள்ளே கைவைத்த இளைஞர்கள் இருந்தார்கள். ஆகவே இது திருட்டு வேலையுமல்ல, வேலையற்றவர்களின் விளையாட்டும் அல்ல.

வியாபாரக் கண்ணோடு பார்க்க வேண்டிய ஒரு சம்பவம் இந்தியாவில் நடந்தது. 2014 டிசம்பரில் சீனாவின் வன்பிளஸ் கம்பனி தனது முதல் போனை சயனோஜன் மென்பொருளுடன் இந்தியாவில் விற்கத் தொடங்கியது. ஆனால் அந்த மென்பொருளுக்கான இந்திய உரிமையைச் சயனோஜன் நிறுவனம் ஏற்கெனவே மைக்ரோமெக்ஸ் கம்பனிக்குத் தனியுரிமையாகக் கொடுத்திருந்தது. விடயம் டில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய், அதே மாதத்தில் வன்பிளஸ் விற்பனைக்கு இடைக்காலத் தடை விழுந்தது. தடை பின்னர் நீங்கியது. வன்பிளஸ் 2015 இல் தனக்கென்று சொந்த மென்பொருளை ஆக்கிக்கொண்டது. சயனோஜன் நிறுவனமோ 2016 டிசம்பர் 31 ஆம் திகதியோடு அந்தச் சேவையை இழுத்து மூடியது. அதன் நிரலை எடுத்துத் தொண்டர்கள் தொடர்ந்ததுதான் இன்றுள்ள லைனேஜ் ஓஎஸ். இன்னொருவர் கையிலுள்ள சரக்கை நம்பிக் கடை விரிப்பவர் யாராயினும் இதைக் கவனிக்க வேண்டும். நம் போனில் போடப்பட்ட மென்பொருளை இன்று பராமரிப்பவர் நாளை விட்டுவிட்டுப் போகலாம். சம்பளம் வாங்காதவரிடம் போய் முறைப்பாடு செய்யவும் முடியாது.

இனி என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். வங்கிச் செயலியும், வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவு எண்ணும், லங்கா கியூஆர் மூலம் வரும் காசுக்கான குறுஞ்செய்தியும் எந்தப் போனுக்கு வருகிறதோ, அந்தப் போன் உங்கள் கல்லாப்பெட்டி. அதில் வெளியார் மென்பொருள் வேண்டாம். கடையில் பாட்டுக் கேட்க, சரக்குப் படம் எடுத்து அனுப்ப, பிள்ளைகள் படிக்க என்று வைத்திருக்கும் பழைய போனில் தாராளமாகச் செய்யுங்கள்.

காரணம் இதுதான். வேறு மென்பொருள் போடுவதற்கு முதலில் பூட்லோடர் எனப்படும் பூட்டைத் திறக்க வேண்டும். போன் உயிர்பெறும்போது "உள்ளே வருவது கம்பனியின் மென்பொருள்தானா?" என்று பார்க்கும் காவலாளி அது. திறந்துவிட்டால் அந்தச் சோதனை இல்லை. போன் யாரிடமாவது சில நிமிடம் அகப்பட்டால் அவர் விரும்பியதை உள்ளே ஏற்றலாம். இதனால்தான் பல வங்கிச் செயலிகள் கூகுளின் சோதனை ஒன்றின் மூலம் பூட்டுத் திறந்த போனை இனங்கண்டு ஓட மறுக்கின்றன. அதை ஏமாற்றும் தந்திரங்கள் தெரிந்த பொடியன்மார் ஊரில் உண்டு. இன்று வேலை செய்யும் தந்திரம் அடுத்த கிழமை வேலை செய்யாது. மீன் லொறிக்காரருக்கு உடனே காசு அனுப்ப வேண்டிய காலைப் பொழுதில் செயலி திறக்காமல் நின்றால் தந்திரம் சொன்னவர் காசு தரப்போவதில்லை.

அதைவிடப் பெரிய பயம் ஒன்றுண்டு. மென்பொருளை எங்கிருந்து எடுத்தார் என்பது. டிரியாடா என்ற தீநிரல் சில மலிவுப் போன்களுக்குள் விற்பனைக்கு முன்பே புகுத்தப்பட்டிருந்ததை 2019 இல் கூகுளே உறுதிப்படுத்தியது. கம்பனிப் பெட்டியிலிருந்து வந்த போனுக்கே இந்த நிலை என்றால், யாரோ ஏற்றிவைத்த கோப்பைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. 2021 இல் எஃப்எம் வட்ஸ்அப் எனப்படும் திருத்திய வட்ஸ்அப்பின் ஒரு பதிப்புக்குள்ளும் இதே டிரியாடா இருந்ததைக் கஸ்பர்ஸ்கி ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். 'நீல டிக் தெரியாது' என்ற ஆசைக்காக அப்படியான வட்ஸ்அப்பை வைத்துக்கொண்டு அதிலேயே வங்கிக் கணக்கிலக்கம் பரிமாறும் வர்த்தகர்களை நான் பார்க்கிறேன். பூட்லோடரைப் பற்றிப் பேசுமுன் அதைக் கழற்றிவிடுங்கள்.

சரி, பழைய போன் ஒன்று இருக்கிறது, செய்து பார்க்கலாம் என்று தீர்மானித்தவர் எப்படிச் செய்ய வேண்டும்?

பூட்லோடரைத் திறந்த அந்த நிமிடமே போனிலுள்ள எல்லாம் அழியும். இது கோளாறு அல்ல, திருடன் உள்ளிருப்பதை எடுக்காதிருக்கவே அப்படி ஆக்கியிருக்கிறார்கள். தேங்காய் வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர் தோட்டக்காரர்களுக்குக் கொடுத்த முற்பணக் கணக்கை முழுவதும் போனிலேயே குறித்து வைத்திருந்தார். ஓரிடத்தில் கொடுத்து வாங்கியபோது போன் குதிரை மாதிரி ஓடியது, கணக்குத்தான் இல்லை. யார் எவ்வளவு தர வேண்டும் என்பதை அவர் ஆட்களின் நாணயத்தை நம்பி மீட்க வேண்டியிருந்தது. ஆகவே படங்கள், தொடர்பு இலக்கங்கள், வட்ஸ்அப், கடன் கணக்கு எல்லாவற்றையும் வேறொரு இடத்தில் பிரதி எடுத்து, அந்தப் பிரதி திறக்கிறதா என்றும் பார்த்த பிறகே தொடங்க வேண்டும்.

அடுத்தது மாதிரி இலக்கம். பெட்டியில் எழுதியுள்ள பெயர் போதாது. சம்சுங் கெலக்ஸி எஸ்9 என்று ஒரே பெயரில் வந்த போன்களில் எஸ்எம்-ஜி960எஃப் என்பது ஒரு சிப்புடனும், அமெரிக்காவுக்கான எஸ்எம்-ஜி960யூ என்பது வேறு சிப்புடனும் வந்தன. அமெரிக்கப் போனின் பூட்லோடரைக் கம்பனி திறக்க விடுவதில்லை. மாறிப் போட்டால் போன் செங்கல்தான். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்கள் கொண்டுவந்து தரும் போன் எந்த நாட்டுச் சந்தைக்கு ஆக்கப்பட்டது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அமைப்புகள் பகுதிக்குள் போய் மாதிரி இலக்கத்தை எழுத்து எழுத்தாகப் பாருங்கள். அந்த இலக்கத்துக்கு லைனேஜ் ஓஎஸ் தனது உத்தியோகபூர்வப் பட்டியலில் பதிப்பு வைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் அதோடு விட்டுவிடுவதே புத்தி. வேறு எவரோ ஆக்கிய பதிப்பைத் தேடி அலைவது நமக்குரிய வேலையல்ல.

கம்பனிக்குக் கம்பனி நடைமுறையும் வேறு. ஷாவோமி தனது கணக்கில் பதிந்து பெரும்பாலும் ஒரு கிழமையாவது காத்திருக்கச் சொல்லும். ஹுவாவி 2018 உடன் திறப்பு இலக்கம் தருவதையே நிறுத்திவிட்டது. சம்சுங்கில் வெளியார் மென்பொருள் ஒருமுறை ஏறினால் நொக்ஸ் என்ற உள்முத்திரை உடையும்; பிறகு கம்பனி மென்பொருளையே திருப்பிப் போட்டாலும் முத்திரை ஒட்டாது. உத்தரவாதமும் போச்சு, பாதுகாப்புப் பெட்டகமும் போச்சு.

கோப்பை இறக்கியபின் அதன் சரிபார்ப்பு எண்ணை வெளியீட்டாளர் கொடுத்த எண்ணோடு ஒப்பிடுவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஐந்து நிமிட வேலை. மூட்டையைத் தராசில் வைக்காமல் காசு கொடுப்போமா? இருப்பதைவிடப் பழைய கம்பனிப் பதிப்புக்குத் திரும்பிப் போக முயல்வதும் ஆபத்து. சில போன்கள் அதோடு நிரந்தரமாகச் செத்துவிடும். ஐஎம்ஈஐ இலக்கம் இருக்கும் உட்பகுதியையும் முதலே பிரதி எடுக்க வேண்டும். அது அழிந்தால் சிம் போட்டாலும் சிக்னல் வராது.

கேர்னலை மட்டும் மாற்றுவதைப் பற்றி இளைஞர்கள் ஆர்வமாகப் பேசுகிறார்கள். வேகம் கூடும், பட்டரி நிற்கும் என்பார்கள். புத்தளத்து வெயிலில் போனின் வேகத்தைக் கூட்டினால் முதலில் கூடுவது சூடுதான். வியாபாரிக்கு அதனால் ஒரு சதமும் இலாபமில்லை என்பது என் எண்ணம். ஆசைப்பட்டவர் ஒன்று செய்யலாம். பல போன்களில் புதுக் கேர்னலை எழுதாமலே கம்பியூட்டரிலிருந்து ஒரு தடவை மட்டும் ஓட்டிப் பார்க்க முடியும். பிழைத்தால் போனை நிறுத்தி எழுப்பினால் பழையது வந்துவிடும். கெமராவும் வைஃபையும் வேலை செய்வதைப் பார்த்த பிறகு எழுதட்டும். பழைய கேர்னல் கோப்பும் கைவசம் இருக்கட்டும்.

மின்சாரத்தையும் மறக்க வேண்டாம். எழுதும் நடுவே கம்பியூட்டர் நின்றால் போன் பாதியில் தொங்கும். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கொன்று செய்த வேலையால் நாடே இருண்டது. நுரைச்சோலை அனல் மின் நிலையம் நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது, ஆனாலும் நம் வீட்டிலும் இருட்டுத்தான். பட்டரியுள்ள மடிக்கணினியில் செய்வதே நல்லது.

போன் திருத்தும் கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. இதில் உங்களுக்கு நேர்மையான ஒரு தொழில் இருக்கிறது. கைவிடப்பட்ட போன்களுக்கு உயிர் கொடுப்பது காசும் தரும், நாட்டின் டொலரையும் மிச்சப்படுத்தும். ஆனால் எந்தப் பதிப்பைப் போட்டீர்கள், பூட்லோடர் திறந்திருக்கிறதா, வங்கிச் செயலி ஓடாமல் போகலாமா என்பதைப் பில்லில் எழுதிக் கொடுங்கள். பாவித்த போனை விற்கும்போது இதை மறைப்பது சரக்கின் குறையை மறைத்து விற்பதுதான். அதன் சட்டம் நம் வியாபாரிகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வாடிக்கையாளரின் போனும் அமானிதம். வீட்டாரின் படங்கள் அதற்குள் இருக்கின்றன. சிம்மையும் மெமரி கார்டையும் உரியவர் கையிலேயே கழற்றிக் கொடுத்துவிட்டு, அவரே எல்லாவற்றையும் அழித்த பிறகு போனை வாங்கும் கடைக்கு ஊரில் தனிப் பெயர் கிடைக்கும்.

பாவித்த போன் வாங்குபவர்கள் அதை நிறுத்தி மீண்டும் எழுப்பிப் பாருங்கள். பூட்லோடர் திறந்த பெரும்பாலான போன்களில் கம்பனிச் சின்னத்தோடு ஓர் எச்சரிக்கை வாசகமோ திறந்த பூட்டின் படமோ சில விநாடிகள் தோன்றும். விற்பவர் திரையை முன்கூட்டியே எரியவிட்டுக் கையில் தருவாரானால் கட்டாயம் நிறுத்திப் பாருங்கள். ஐஎம்ஈஐ இலக்கத்தைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் 1909 என்ற இலக்கத்துக்குக் குறுஞ்செய்தியில் அனுப்பியும் சரிபார்க்கலாம்.

பழைய போனுக்கு மென்பொருள் மாற்றப் போகிறவர் முதலில் அதன் முதுகைப் பார்க்கட்டும். பட்டரி சற்று உப்பியிருந்தாலும் அந்தக் காசைப் பட்டரிக்குச் செலவழியுங்கள். மென்பொருள் பிறகு போடலாம்.