மாறும் கணினி மொழியும் மாணவர் நிலையும்

கணினி மொழிகளும் மனித மொழிகளைப் போலவே மாறுகின்றன. மாற்றம் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அம்மாற்றத்தின் சுமையை யார் சுமப்பது என்பதே என் கேள்வி.

சென்ற ஆண்டு சீனியர் அண்ணன் ஒருவர் தந்த பழைய பைத்தான் புத்தகத்தை வைத்தே படித்தேன். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். புதுப் புத்தகம் வாங்க வசதியில்லை. புத்தகத்தில் உள்ளபடியே தட்டச்சு செய்தேன். முதல் வரியிலேயே பிழை! ‘பிரிண்ட்’ என்பதை அடுத்து அடைப்புக்குறி வேண்டுமாம். போட்டேன், ஓடியது. வாய்விட்டுச் சொல்லும் பிழையால் பெருந்துன்பமில்லை.

சொல்லாமல் மாறுவதே ஆபத்து. 45 மாணவரை இருவர் இருவராக அமர்த்தினால் எத்தனை ஜோடி? புத்தகம் 22 என்றது, கணினி 22.5 என்றது. அரை ஜோடி எங்கே உட்காரும்? பைத்தான் 2, முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் பின்னத்தை விட்டுவிடும். பைத்தான் 3 விடாது. முழு ஈவு வேண்டுமானால் சாய்கோட்டை இருமுறை இடவேண்டும். இதை அறியாமல் ஒரு மாலை முழுவதும் என் அறிவையே சந்தேகித்தேன்.

ஆயினும் மாற்றத்தைப் பழிக்க மாட்டேன். ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் பைத்தான் 2 பொதுவாக 15 பைட்டு என்னும். பைத்தான் 3 யுனிகோடு முறையில் 5 குறியீடு என்னும். நமக்கோ அது மூன்றெழுத்து. முழுமையில்லை எனினும் முன்னேற்றமன்றோ!

மாறும் முறையை நம் நெய்வேலியே காட்டுகிறது. 1962-இல் மின்சாரம் தரத் தொடங்கிய முதல் அனல் மின் நிலையம் 2020-இல் முழுதாக ஓய்வு பெற்றது. அதற்கு முன்பே, 2019 டிசம்பரில், புதிய நிலையத்தின் முதல் அலகு உற்பத்திக்கு வந்துவிட்டது. பைத்தான் 3 வெளிவந்தது 2008-இல். பைத்தான் 2-க்கு ஆதரவு நின்றது 2020 ஜனவரி 1-இல். பதினோரு ஆண்டு அவகாசம்! ஆனால் அச்செய்தி பழைய புத்தகத்தின் பக்கங்களுக்கு வந்து சேரவில்லையே!

எனவே நண்பர்களே, ஆய்வக நோட்டின் முதல் பக்கத்தில் மொழியின் பதிப்பு எண்ணை எழுதுவோம். பழைய நிரலைப் புதியதில் ஓட்டும்போது, ஓடுகிறதா என்று மட்டும் பாராமல், விடை அதுவேதானா என்றும் பார்ப்போம். புத்தகத்தைத் தம்பி தங்கையருக்குக் கொடுக்கும்போது, மாறியவற்றை ஒரு தாளில் எழுதி உள்ளே வைப்போம். பேராசிரியப் பெருமக்கள் அத்தாளைத் திருத்தித் தந்தால் நன்று.

என் புத்தகத்தில் அத்தாளை வைத்துவிட்டேன்.