உங்கள் ஆபீஸ் நெட்வொர்க்கில் எத்தனை கம்ப்யூட்டர் ‘உள்ளேன் ஐயா’ சொல்கிறது?

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை, காலை 9.39 மணி. உங்களில் பலர் அப்போதுதான் சீட்டில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்திருப்பீர்கள். அந்த நிமிடத்தில்தான் கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு ஒரு அப்டேட்டை அனுப்பியது. தவறு தெரிந்து 10.57-க்கு அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆனால் அந்த 78 நிமிடத்துக்குள் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையைக் காட்டிவிட்டுப் படுத்துவிட்டன. இது மைக்ரோசாஃப்ட் சொன்ன கணக்கு. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். இண்டிகோ மட்டுமே கிட்டத்தட்ட 200 விமானங்களை ரத்து செய்தது.

இதற்கான வைத்தியம் சில மணி நேரத்திலேயே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. சேஃப் மோடில் திறந்து, ஒரே ஒரு ஃபைலை அழித்து, மறுபடி ஆன் செய்ய வேண்டும், அவ்வளவுதான். ஐடி குழுக்களைத் திணறடித்தது வேறொரு கேள்வி: ‘எந்தெந்த மெஷின் விழுந்திருக்கு?’

கேட்க ரொம்ப சின்னக் கேள்வி. ஆனால் இந்தியாவில் நடந்த சில பெரிய சைபர் சம்பவங்களைத் திரும்பிப் பார்த்தால், கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

பதில் வரவில்லை என்றால் ஆள் இல்லையா?

ஒரு கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க எல்லோரும் முதலில் செய்வது பிங். வகுப்பில் வாத்தியார் பெயர் கூப்பிடுகிற மாதிரிதான் இதுவும். ஐ.பி. முகவரியைச் சொல்லிக் கூப்பிட்டால், அந்த மெஷின் ‘உள்ளேன் ஐயா’ என்று பதில் சொல்ல வேண்டும். பதில் வந்தால் ஆள் இருக்கிறது. வராவிட்டால்? அங்கேதான் சிக்கல். பல விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் ஃபயர்வாலே பிங்குக்குப் பதில் சொல்லாதே என்று வாயைக் கட்டி வைத்திருக்கும். மெஷின் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும், வாய் மட்டும் திறக்காது.

ஒரே நெட்வொர்க்குக்குள் இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. ஒரு மெஷின் இன்னொன்றோடு பேச வேண்டுமென்றால், முதலில் ‘இந்த ஐ.பி. யாருடையது?’ என்று ஏ.ஆர்.பி. முறையில் கேட்கும். அதற்கு பதில் சொல்லாத மெஷின் அந்த நெட்வொர்க்கில் வேலையே செய்ய முடியாது. அதனால் பிங்கில் மௌனமாக இருக்கும் கம்ப்யூட்டர்கூட ஏ.ஆர்.பி. பட்டியலில் மாட்டிக்கொள்ளும். ஆனால் இந்த வித்தை ஒரே சுவிட்ச், ஒரே வைஃபை வட்டத்துக்குள்தான் பலிக்கும். நீங்கள் மதுரையில் வீட்டிலிருந்து வேலை செய்கிறீர்கள், கம்பெனி பெங்களூரில் இருக்கிறது என்றால் இது உதவாது.

கொரோனாவுக்குப் பிறகு பெரும்பாலான நிறுவனங்கள் கூப்பிடுவதை விட்டுவிட்டு, மெஷினே வந்து ஆஜர் சொல்லும் முறைக்கு மாறியதன் காரணம் இதுதான். லேப்டாப்பில் ‘ஏஜென்ட்’ என்ற சிறு மென்பொருள் உட்கார்ந்திருக்கும். ‘நான் இருக்கேன், என் விண்டோஸ் பதிப்பு இது, கடைசி அப்டேட் இன்ன தேதி’ என்று விட்டுவிட்டுத் தகவல் அனுப்பும். ஐடி குழுவின் திரையில் அது பச்சைப் புள்ளியாகத் தெரியும். தகவல் நின்றால் புள்ளி சாம்பல் நிறமாகிவிடும்.

ஆனால் சாம்பல் நிறம் காரணத்தைச் சொல்லாது. நீங்கள் லீவில் ஊருக்குப் போயிருந்தாலும் சாம்பல்தான், யாரோ உள்ளே நுழைந்து ஏஜென்ட்டை நிறுத்திவிட்டாலும் சாம்பல்தான். ஜூலை 19 அன்று நடந்த வேடிக்கை என்னவென்றால், நலம் விசாரிக்க வைத்த ஏஜென்ட்டே ஆளைப் படுக்க வைத்துவிட்டது. அந்த 78 நிமிடத்தில் ஆஜர் சொல்லிவிட்டு, பிறகு காணாமல் போனவை எவை என்று தேடித்தான் பட்டியல் எடுக்க முடிந்தது. ஜூலை 29-ல் கிரவுட்ஸ்ட்ரைக் ‘சுமார் 99% திரும்பி வந்துவிட்டன’ என்று சொன்னபோது ஒரு பின்குறிப்பும் சேர்த்தது: சாதாரண வாரங்களிலேயே ஏறக்குறைய 1% ஏற்ற இறக்கம் இருக்குமாம். அதாவது எல்லாம் ஒழுங்காக ஓடும் நாளில்கூட நூற்றில் ஒன்று எங்கே என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

எய்ம்ஸும் கூடங்குளமும்

2022 நவம்பர் 23. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் முடங்கின. புறநோயாளி பதிவு, ரிப்போர்ட், அப்பாயின்ட்மென்ட் எல்லாமே பேப்பருக்கு மாறின, அதுவும் கிட்டத்தட்ட இரண்டு வாரம். எங்கிருந்தோ ரயிலேறி வந்து அதிகாலையிலிருந்தே வரிசையில் நிற்கும் நோயாளிக்கு இதன் அர்த்தம் என்னவென்று யோசித்துப் பாருங்கள். பிறகு மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது: 5 சர்வர்கள் பாதிக்கப்பட்டன, சுமார் 1.3 டெராபைட் தகவல் பூட்டப்பட்டது. காரணம், நெட்வொர்க் சரியாகப் பிரிக்கப்படவில்லை. அறைக்கு அறை கதவு வைக்காத வீடு மாதிரி. எந்த மெஷின் எங்கே இருக்கிறது, எதோடு பேச வேண்டும் என்ற கணக்கு இல்லாமல் எங்கே கதவு வைப்பது?

கூடங்குளம் கதை இன்னும் நுட்பமானது. 2019 அக்டோபர் 29-ல் அணுமின் நிலையத் தரப்பு, தாக்குதல் எதுவும் நடக்கவில்லை என்றது. மறுநாளே இந்திய அணுமின் கழகம் மால்வேர் இருந்ததை ஒப்புக்கொண்டது. நிர்வாக வேலைக்கான, இன்டர்நெட் இணைப்புள்ள நெட்வொர்க்கில் இருந்த ஒரு பயனரின் கம்ப்யூட்டர் அது. உலையை இயக்கும் நெட்வொர்க் தனியானது, அதற்குப் பாதிப்பில்லை என்றும் விளக்கியது. கதவு வேலை செய்திருக்கிறது, சரி. ஆனால் அந்த ஒரு மெஷினைப் பற்றிய தகவல், செப்டம்பர் 4-ல் செர்ட்-இன் கவனித்துச் சொல்லித்தான் வந்தது. என் பார்வையில் கவலைப்பட வேண்டிய இடம் அதுதான்.

அதே செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ல் போட்ட உத்தரவு இன்று உங்கள் கம்பெனிக்கும் பொருந்தும். சம்பவம் தெரிய வந்த 6 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். 180 நாள் லாக்குகளை வைத்திருக்க வேண்டும். எல்லா மெஷினின் கடிகாரமும் ஒரே நேரத்தைக் காட்ட வேண்டும். கடைசியில் உள்ளது அற்ப விஷயமாகத் தெரியும், ஆனால் இரண்டு சர்வரின் நேரம் 4 நிமிடம் மாறினாலே எது முதலில் விழுந்தது என்று சொல்ல முடியாது. ‘முக்கியமான நெட்வொர்க்குகளைக் குறிவைத்து ஸ்கேன் செய்வது’ கூட தெரிவிக்க வேண்டிய சம்பவங்களில் ஒன்று. எனவே யூடியூபில் பார்த்த டூலை ஆர்வக்கோளாறில் ஆபீஸ் வைஃபையில் ஓட்டிப் பார்க்காதீர்கள் பாஸ். நீங்கள்தான் சம்பவம் ஆகிவிடுவீர்கள்.

சரி, அந்தப் பச்சைப் புள்ளி என்னையும் பார்க்கிறதா?

மெஷின் ஆனில் இருக்கிறதா, பேட்ச் போட்டதா என்று பார்ப்பது ஒன்று. நீங்கள் எத்தனை மணிக்கு எழுந்து போனீர்கள் என்று பார்ப்பது வேறு. ஆனால் இரண்டையும் ஒரே ஏஜென்ட்டால் செய்ய முடியும். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டம், வேலைவாய்ப்பு தொடர்பான தேவைகளுக்கும் நிறுவனத்தை இழப்பிலிருந்து காப்பதற்கும் ஊழியரின் தகவலைச் சம்மதம் கேட்காமலே கையாள அனுமதிக்கிறது. ‘தேவை’ எங்கே முடிகிறது என்பதற்கு சட்டத்தில் தெளிவான கோடு இல்லை. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, அவையும் படிப்படியாகத்தான் அமலாகின்றன. ஹெச்.ஆரிடம் எழுத்தில் கேளுங்கள்: ஏஜென்ட் என்னென்ன சேகரிக்கிறது, யார் பார்க்கிறார்கள், எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள்?

உங்கள் பக்கமும் ஒரு வேலை இருக்கிறது. 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. வீட்டில் பழைய லேப்டாப் இன்னும் அதில்தான் ஓடுகிறது, அதே வைஃபையில்தான் ஆபீஸ் லேப்டாப்பும் இருக்கிறது என்றால், இன்று ராத்திரி ரூட்டர் பக்கத்தைத் திறந்து இணைந்திருக்கும் சாதனங்களின் பட்டியலைப் பாருங்கள். டிவி, சிசிடிவி, தம்பியின் போன் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பாருங்கள். புரியாத முகவரி ஒன்றிரண்டு நிச்சயம் வரும். பதறாதீர்கள், இப்போதைய போன்கள் நெட்வொர்க்குக்கு ஏற்ப முகவரியை மாற்றிக்கொள்ளும். ஒவ்வொரு போனிலும் வைஃபையை அணைத்துப் பாருங்கள். எல்லாவற்றையும் அணைத்த பிறகும் ஒன்று பட்டியலில் நின்றால், பாஸ்வேர்டை மாற்றிவிட்டு யார் திரும்ப வந்து கேட்கிறார்கள் என்று பாருங்கள்.