மில்லுக்காரர் வீட்டு வம்சாவளி

மதுரையில் மில் வேலைக்குப் போன குடும்பங்களில் பாட்டனுக்குப் பாட்டன் பெயர் தெரிந்த வீடு அரிது. தாத்தா பெயர் தெரியும். பேரனுக்கு அதைத்தானே வைக்கிறோம். அதற்கு மேலே கேட்டால், "அவுங்க உசிலம்பட்டிப் பக்கம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஜமீன் குடும்பங்களுக்கு வம்ச வரலாறு எழுதி அச்சிட்டு வைத்திருக்கிறார்கள். ரிங் பிரேமில் நின்று அறுந்த நூலை ஒட்டியவருக்கும் ஒரு வம்சம் உண்டு. அதை எழுத ஆள் வரவில்லை, அவ்வளவுதான்.

அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன ஜெர்மானியத் தொழிலாளியின் வாரிசுகளுக்கு இந்தக் கஷ்டம் குறைவு. ஹாம்பர்க் துறைமுகத்தில் 1850 முதல் 1934 வரை கப்பலேறியவர்களின் பட்டியல்கள் பெரும்பாலும் தப்பிப் பிழைத்திருக்கின்றன. பெயர், வயது, தொழில், சொந்த ஊர் எல்லாம் அதில் உண்டு. அமெரிக்காவில் மக்கள்தொகைக் கணக்கை எழுபத்திரண்டு ஆண்டு பூட்டி வைத்துவிட்டு, பிறகு வீடு வீடாக அப்படியே திறந்துவிடுகிறார்கள். 1950ஆம் ஆண்டுக் கணக்கு 2022இல் திறந்தது. மில்வாக்கியில் தோல் பதனிட்டவரின் கொள்ளுப்பேத்தி, அவர் எந்த ஊரிலிருந்து வந்தார் என்று தேடிக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. நம் கணக்கெடுப்பில் பெயர் எழுதிய தாள்கள் நம் கைக்கு வருவதில்லை. மொத்தத் தொகைதான் வரும்.

ஆனாலும் நம் ஆட்களின் பெயர்கள் எழுதப்படாமல் போகவில்லை. எழுதப்பட்ட இடம்தான் நெஞ்சைக் குத்துகிறது. குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் உசிலம்பட்டிப் பக்கத்துப் பிறமலைக் கள்ளர் சமூகத்து ஆண்களின் பெயரையும் கைரேகையையும் வெள்ளைக்கார அரசு ஊர் ஊராகப் பதிவு செய்தது. இரவில் சொந்த வீட்டில் படுக்க விடாமல் சாவடியில் படுக்க வைத்தது. வெளியூர் போக அனுமதிச் சீட்டு கேட்டது. ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் உட்பட அன்று செத்தவர்களின் பெயர்களை அந்த ஊர் இன்றும் சொல்கிறது. 1947இல் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது. அவமதிக்க எழுதின ஏடுதான் என்றாலும், அதில் இருப்பது நம் பாட்டன் பெயர். அதைத் தேடிப் படிக்கப் பேரன் கூச வேண்டியதில்லை. கூச வேண்டியவர்கள் எழுதினவர்கள்.

அந்த ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்து சேர்ந்த இடம்தான் ஹார்வி மில். ஸ்காட்லாந்துக்காரர்களான ஹார்வி சகோதரர்கள் 1892இல் மதுரை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் தொடங்கியது. பின்னாளில் மதுரா கோட்ஸ் ஆனது. தொழிலாளிகளுக்குக் கட்டின குடியிருப்பு ஹார்விபட்டி என்று ஊராகவே நிலைத்துவிட்டது. கைரேகைச் சட்டத்துக்கு எதிராகக் கள்ளர்களுக்காக வாதாடிய ஜார்ஜ் ஜோசப், 1918 வாக்கில் மில் தொழிலாளர்களைத் திரட்டுவதிலும் முன்னால் நின்றார். செங்கன்னூரில் பிறந்து மதுரையைத் தன் ஊராக்கிக்கொண்ட இந்த வக்கீலை மக்கள் ரோசாப்பூ துரை என்றார்கள். கிராமத்துக் கேஸும் மில்லுத் தகராறும் ஒரே வக்கீலிடம் வந்தன என்றால், இரண்டும் ஒரே சனங்களின் கதை என்றுதானே அர்த்தம்.

இன்னொரு ஏடு உண்டு, அதை யாரும் ஆவணமாக நினைப்பதில்லை: குலசாமி கோயில் வரி நோட்டு. பாப்பாபட்டி ஒச்சாண்டம்மன் ஆகட்டும், கருமாத்தூர்க் கோயில்கள் ஆகட்டும், மாசித் திருவிழாவான மாசிப் பச்சைக்குப் பங்காளிகள் கூடும்போது குடும்பவாரியாகத் தலைக்கட்டு வரி எழுதுவார்கள். ஊரைவிட்டு மில்லுக்குப் போனவரும் வரியை விடமாட்டார். பழைய நோட்டு எவர் பெட்டியிலாவது கிடந்தால், எந்த வருஷம் எந்தப் பங்காளி இறந்தார், எந்த மகன் தனித் தலைக்கட்டு ஆனான் என்பது அதில் தெரியும்.

அதிலும் பெண் பெயர் இருக்காது. அந்தக் குறை என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. மகள் கட்டிக்கொடுத்த வீட்டுக் கணக்கில் போய்விடுகிறாள், அங்கேயும் புருஷன் பெயர்தான் நிற்கும். ரீலிங் பகுதியில் வேலை பார்த்த பெண்களுக்கு மட்டும் அவர்கள் பெயரிலேயே டோக்கன் இருந்தது, அவர்கள் பெயரிலேயே சம்பளம் எழுதினார்கள். 1952க்குப் பிறகு வருங்கால வைப்புநிதிச் சீட்டும் வந்தது. நம் அப்பத்தாக்களின் பெயரை, அவர்களுக்கென்றே எழுதின தாள் அதுதான்.

அந்தத் தாள்கள் எடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. மில்கள் மூடும்போது இயந்திரத்தை ஏலம் விடுகிறார்கள், பதிவேடு என்ன ஆயிற்று என்று கேட்பார் இல்லை. தொழிற்சங்க அலுவலகங்களில் பழைய உறுப்பினர் பட்டியல் இருந்தால், மதுரையிலிருக்கும் பல்கலைக்கழகம் ஒன்று வாங்கி வைக்கலாம். அந்தச் சனங்களின் பிள்ளைகளுக்காக அரசு நடத்திய கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளின் பழைய சேர்க்கைப் பதிவேடுகளில் அப்பன் பெயரும் ஊரும் இருக்கும். கரையான் தின்னும்முன் படம் எடுத்து வைக்கலாம். பெரிய செலவில்லை. வீட்டில் செய்ய வேண்டியது அதைவிடச் சின்னது. அப்பத்தா உயிரோடு இருந்தால் அவர் பிறந்த ஊர், அவருடைய அம்மா பெயர், எந்த டிபார்ட்மெண்டில் யார் மேஸ்திரியாக இருந்தபோது வேலைக்குச் சேர்ந்தார் என்பதைக் கேட்டு, தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள்.